குளிராக்கும் தொகுதியைக் கழுவுமுன் வெப்பமூட்டிக் குழாய்களை இனங்காணல்

மரக்கறி பயிரிடுவோருள் பலர் இன்று தம் விளைபொருளைத் தம் சொந்த வண்டியிலேயே சந்தைக்கு எடுத்துச் செல்கின்றனர். கந்தப்பொளையிலும் றாகலையிலும் மாலையில் அறுவடை செய்யப்பட்ட கோவாவும் கரட்டும் லீக்சும் விடியுமுன் தம்புள்ளையையோ கொழும்பையோ சென்றடைதல் வேண்டும். வண்டி வழியில் ஆவி கக்கி நின்றுவிடின், சரக்கு வாடும், விலை கைநழுவும், எஞ்சினின் சிலிண்டர்த் தலை வளைந்துவிடின், ஒரு போகத்தின் ஊதியம் முழுவதும் கராச்சுக்கே போய்ச் சேரும். இத்தகைய கேட்டின் தொடக்கம் பெரும்பாலும் குளிராக்கும் தொகுதியில் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்த துருவும் சுண்ணாம்புப் படிவுமேயாம். அவற்றைக் கழுவி அகற்றுதல் வண்டிக்காரர் தாமே செய்யக்கூடிய வேலையாகும். ஆயினும், எக்குழாய் எதற்குரியது என்பதை அறியாது கையை வைப்போர் நன்மைக்குப் பதிலாகத் தீமையையே தேடிக்கொள்வர். சிறப்பாக, வெப்பமூட்டிக்குச் செல்லும் இரு குழாய்களையும் இனங்காணாது செய்யப்படும் கழுவல் அரைகுறையாகவே முடியும்.

நீரின் வேலை

எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரே ஏற்றுக்கொள்கின்றது. நீர்ப்பம்பி அந்நீரை எஞ்சினுட் செலுத்துகின்றது. சூடேறிய நீர் றேடியேற்றரை அடைந்து, அதன் மெல்லிய குழல்களினூடே ஓடிக் காற்றினாற் குளிர்ந்து, மீண்டும் பம்பிக்குத் திரும்புகின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றருக்குரிய வழியை மூடிவைப்பது தேமோஸ்டாற் எனப்படும் வெப்பநிலை நிறுத்தியாகும். பெரும்பாலான வண்டிகளில் இது 76 பாகை முதல் 88 பாகை செல்சியஸ் வரையான ஒரு வெப்பநிலையிலே திறக்கத் தொடங்கும்.

றேடியேற்றர் மூடி நீரை அழுத்தத்தின்கீழ் வைத்திருக்கின்றது. கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், நல்ல மூடியுள்ள தொகுதியில் 115 பாகையைத் தாண்டியும் கொதியாதிருக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின், மலைநாட்டிற் பழுதான மூடியுடன் ஓடும் வண்டி விரைவிற் கொதிக்கும். எஞ்சின் சூடாயிருக்கையில் மூடியைத் திறப்பவர் மீது கொதிநீர் ஒரே வீச்சிற் சீறிப்பாயும். முகமும் கைகளும் வெந்துபோதற்கு இது ஒன்றே போதுமானது.

படிவு உண்டாகும் விதம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையிலே தங்கி ஊறுவது. அந்நீரைக் கேத்திலிற் பலமுறை காய்ச்சினால் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஒட்டுவதை வீட்டிலுள்ளார் யாவரும் அறிவர். நீரிற் கரைந்திருந்த சுண்ணாம்புப் பொருள் சூடேறியதும் கரையாத பொருளாக மாறிப் படிகின்றது. அதே மாற்றம் எஞ்சினுள்ளும் நிகழும். இரும்பு, அலுமினியம் ஆகியவற்றிலும் பார்க்கப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவது இப்படிவு. ஆதலால், மெல்லியதொரு படலமும் எஞ்சினின் சூடு நீரைச் சென்றடையாது தடுக்கும். வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் பல கிணறுகளின் நீரும் இவ்வாறு கடினமானதே.

மலைநாட்டு நீர் பெரும்பாலும் மென்மையானது; அங்கே சுண்ணாம்பிலும் துருவே பெருந்தொல்லை. கூலன்ற் எனப்படும் குளிராக்கும் திரவத்தை ஊற்றாது வெறும் நீரையே ஊற்றிவருவோரின் வண்டிகளில் துரு விரைந்து பெருகும். கூலன்ற் உறைபனி நாடுகளுக்கே உரியது என்பது தவறான எண்ணம். உலோகம் அரிக்கப்படாது காக்கும் பொருள்களும் அதிற் கலந்துள்ளன. அவை காலப்போக்கில் வலுவிழப்பதனாலேயே கூலன்றைக் குறித்த காலத்தில் மாற்றுதல் வேண்டும். மாற்றும் காலம் திரவத்தின் வகைக்கேற்ப வேறுபடும். வண்டியின் கைந்நூலையும் கொள்கலத்தின் மேலுள்ள குறிப்பையும் பார்த்தறிதல் நன்று.

வெப்பமூட்டி என்பது யாது?

யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான பிக்கப்புகள், வான்கள், சிறு லொறிகள் ஆகியவற்றுட் பெரும்பாலானவை குளிர்நாட்டு வழக்கத்திற்கேற்ப அமைந்தவை. அவற்றின் முன்பலகையின் உள்ளே ஒரு சிறிய றேடியேற்றர் உண்டு. எஞ்சினின் சூடான நீர் இதனூடே ஓட, விசிறி வீசும் காற்றுச் சூடாகிச் சாரதி அறைக்குள் வரும். இதுவே வெப்பமூட்டி, கராச்சுகளில் 'ஹீற்றர்' என்பர். நுவரெலியாவில் தை, மாசி மாதத்து விடியற்காலையில் முன்கண்ணாடியிற் படியும் பனிமூட்டத்தை நீக்க இது பெரிதும் உதவும். சமவெளியில் ஓடும் வண்டியிலோ பல்லாண்டுகள் செல்லினும் இதனை எவரும் இயக்குவதில்லை.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. சில வண்டிகளில் வெப்பமூட்டிக்குச் செல்லும் நீரை அடைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது ஆண்டுக்கணக்காக மூடியே கிடக்குமாயின், உள்ளிருக்கும் நீர் தேங்கித் துருவும் சேறும் ஆகிவிடும். றேடியேற்றரின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்துவிடுவோர், வெப்பமூட்டியிலும் அதன் குழாய்களிலும் பழைய நீர் எஞ்சியிருப்பதை எண்ணுவதில்லை. புதிய கூலன்றை ஊற்றிய பின் எப்போதாவது அவ்வால்வு திறக்கப்படின், தேங்கிய சேறு முழுவதும் புதிய திரவத்தோடு கலந்து றேடியேற்றரின் மெல்லிய குழல்களை அடைக்கும். ஆதலின் வெப்பமூட்டியைச் சேர்த்துக் கழுவாத கழுவல் கழுவலாகாது.

குழாய்களை இனங்காணும் முறை

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின்னரே ஆராயத் தொடங்கல் வேண்டும். முதலில், றேடியேற்றரில் இணைந்துள்ள இரு பெருங் குழாய்களையும் காணலாம். இவை பெரும்பாலும் 30 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட உள்விட்டமுடையவை. ஒன்று றேடியேற்றரின் மேற்பாகத்தையும் மற்றையது கீழ்ப்பாகத்தையும் எஞ்சினுடன் இணைக்கும். இவை வெப்பமூட்டிக்குரியவை அல்ல.

அடுத்து, எஞ்சின் அறையையும் சாரதி அறையையும் பிரிக்கும் தடுப்புத் தகட்டைப் பார்த்தல் வேண்டும். அத்தகட்டைத் துளைத்து, அருகருகே அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக, ஒத்த பருமனுள்ள இரு உலோகக் குழல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றிற் கிளிப்புகளால் இறுக்கப்பட்டிருக்கும் இரு கறுப்பு றப்பர்க் குழாய்களே வெப்பமூட்டிக் குழாய்கள். இவற்றின் உள்விட்டம் பொதுவாக 16 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. சில வண்டிகளில் 19 மில்லிமீற்றர். எஞ்சின் ஆசனத்தின் கீழே அமைந்த வான்களில் இக்குழாய்கள் தரைத்தகட்டின் அடியாற் செல்லும். பின்னிருக்கைகளுக்கும் வெப்பமூட்டி பொருத்திய வான்களில் இன்னும் ஒரு சோடி குழாய்கள் பின்னோக்கிச் செல்வதைக் காணலாம். அவற்றையும் மறத்தலாகாது.

குழாயின் நிறத்தையோ அதிலுள்ள புள்ளியையோ நம்பி முடிவு செய்தல் தகாது. பழைய வண்டிகளிற் குழாய்கள் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். ஒரு முனையிற் கையை வைத்து மறுமுனை வரை தொடர்ந்து சென்று காண்பதே தவறாத வழியாகும். இரண்டு முனைகளையும் கண்ணாற் காணும்வரை எக்குழாயையும் கழற்றுதல் கூடாது.

மயக்கந் தரும் பிற குழாய்கள்

தடுப்புத் தகட்டை நோக்கிச் செல்வன யாவும் வெப்பமூட்டிக் குழாய்கள் அல்ல. பின்வருவனவற்றை வேறாகப் பிரித்தறிதல் வேண்டும்.

(அ) குளிரூட்டியின் வாயுக் குழாய்கள்: இவை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை, ஒன்று மெல்லியதாகவும் மற்றையது பருத்ததாகவும் இருக்கும். றப்பராலான பகுதிகளும் சாதாரண கிளிப்புகளால் அன்றி, நசுக்கி இறுக்கிய உலோக வளையங்களாலோ திருகு மூட்டுகளாலோ இணைக்கப்பட்டிருக்கும். இவற்றுள் உள்ள வாயு பேரழுத்தமுடையது. கழற்றினால் கண்ணையும் தோலையும் உறையச் செய்து புண்படுத்தும். இவற்றைத் தொடவே கூடாது.

(ஆ) பிறேக்குக்கு உதவும் வெற்றிடக் குழாய்: சாரதியின் காலடிக்கு நேரே தகட்டின் வெளிப்புறத்தில் உள்ள வட்ட வடிவமான பெரிய பேழையில் இது ஒரு குழாயாகவே முடியும். இதனைப் பழுதாக்கினால் பிறேக்கை மிதிக்க மிகுந்த வலு வேண்டியிருக்கும்.

(இ) எரிபொருட் குழாய்கள்: இவை ஒடுங்கியவை, வடிகட்டியையோ எரிபொருட் பம்பியையோ சென்றடையும். மூட்டுகளில் எண்ணெய் மணம் இருக்கும்.

(ஈ) தானியங்கிக் கியருள்ள வண்டிகளின் எண்ணெய்க் குழாய்கள்: இவை றேடியேற்றரின் அடிப்பாகத்தில் இணைந்து கியர்ப்பெட்டியை நோக்கிச் செல்லும். இவற்றுள் நீரில்லை.

(உ) ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிறு நீர்க்குழாய்கள்: எஞ்சினுக்குட் காற்றுச் செல்லும் வாயிலைச் சூடாக்குதற்குச் சில பெற்றோல் வண்டிகளில் இவை உண்டு. நீரே ஓடினும் இவை வெப்பமூட்டியைச் சேர்ந்தவை அல்ல.

செல்குழாயும் மீள்குழாயும்

இரு வெப்பமூட்டிக் குழாய்களுள், சூடான நீரை எஞ்சினிலிருந்து கொண்டுசெல்வதைச் செல்குழாய் என்றும், வெப்பமூட்டியிலிருந்து திரும்பக் கொண்டுவருவதை மீள்குழாய் என்றும் வழங்கலாம். செல்குழாய் பெரும்பாலும் சிலிண்டர்த் தலையிலிருந்தோ, அதனோடு சேர்ந்த சூடுநீர் வாயிலிலிருந்தோ புறப்படும். மீள்குழாய் நீர்ப்பம்பியின் உறிஞ்சும் பக்கத்தையோ, பம்பிக்குச் செல்லும் உலோகக் குழலையோ சென்றடையும். அடைப்பு வால்வு இருப்பின் அது பெரும்பாலும் செல்குழாயிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

முனைகளைக் காண இயலாதவிடத்து வெப்பத்தால் அறியலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, வெப்பமூட்டியின் பிடியை முழுச் சூட்டில் வைத்து, வெப்பமானி எழத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிவிடல் வேண்டும். மின்விசிறி தானாகவே சுழலக்கூடுமாதலின் கையை அதன் அருகே கொண்டுசெல்லலாகாது. பின்னர், கையுறை அணிந்த கையினால் இரு குழாய்களையும் மெல்லத் தொட்டுப் பார்க்கையில் முதலிற் சூடேறியிருப்பது செல்குழாய்.

இச்சோதனையால் வேறொரு பயனும் உண்டு. எஞ்சின் நன்கு சூடேறிய பின் இரு குழாய்களும் ஏறத்தாழ ஒரே சூடாயிருப்பின் வெப்பமூட்டியினூடே நீர் தடையின்றி ஓடுகின்றது எனக் கொள்ளலாம். வால்வு திறந்திருந்தும் செல்குழாய் சுடுமாகவும் மீள்குழாய் குளிர்ந்துமிருப்பின், உள்ளே அடைப்போ காற்றுத் தேக்கமோ உண்டு என்பது தெளிவு.

கழுவும் முறை

எஞ்சின் குளிர்ந்த பின் மூடியைத் திறந்து, றேடியேற்றரின் அடித் திருகு வழியாகப் பழைய திரவத்தைப் பாத்திரத்தில் வடித்தெடுத்தல் வேண்டும். எஞ்சினிலும் வடிப்புத் திருகு இருப்பின் அதனையும் திறத்தல் நன்று. திருகுகளை மூடிச் சுத்தமான மென்னீரை நிரப்பி, வெப்பமூட்டியை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை இயக்குதல் வேண்டும். தேமோஸ்டாற் திறந்து நீர் எங்கும் சுற்றியதும், எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டு மீண்டும் வடிக்கலாம். வடியும் நீர் தெளியும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்நீரை ஊற்றுதல் பெருந்தவறு. உலோகம் திடீரெனச் சுருங்கி வெடித்தல் கூடும்.

வெப்பமூட்டி அடைபட்டிருப்பின் அதனைத் தனியே கழுவுதல் வேண்டும். இரு குழாய்களுக்கும் வெவ்வேறு நிறத் துணிகளைக் கட்டி அடையாளமிட்ட பின், அவற்றைத் தடுப்புத் தகட்டின் பக்கத்திலன்றி எஞ்சினின் பக்கத்திலே கழற்றுக. தகட்டருகே உள்ள குழல்கள் மெல்லிய செம்பாலோ அலுமினியத்தாலோ ஆனவை. அவற்றை நெம்பினால் வளைந்து பிளந்துவிடும். அவற்றைத் திருத்துதற்கு முன்பலகை முழுவதையுமே கழற்றவேண்டி நேரிடும். குழாய் ஒட்டிக்கொண்டிருப்பின் இழுக்காது மெல்ல முறுக்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறும் வாராதாயின், றப்பரை நீளவாட்டிற் கீறி எடுத்துப் புதிய குழாய் இடுவதே சிக்கனம்.

கழற்றிய பின் வால்வைத் திறந்துவைத்து, மீள்குழாயின் வழியாக நீரைப் புகுத்துதல் வேண்டும். அது வழக்கமான ஓட்டத்திற்கு எதிர்த்திசையிற் சென்று, உள்ளே சிக்கிய சேற்றைப் பெயர்த்துச் செல்குழாயின் வழியாக வெளியேற்றும். செல்குழாய்க்கும் மீள்குழாய்க்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் இங்கே இன்றியமையாததாகின்றது. வழக்கமான திசையிலேயே நீரைப் புகுத்தினால் வாயிலிற் சேர்ந்த அழுக்கு மேலும் உள்ளே நெருக்கப்படும். நீரின் வேகம் மிதமாயிருத்தல் வேண்டும். இறைப்பு இயந்திரத்தின் முழு வலுவையும் செலுத்தினால் பழைய வெப்பமூட்டி வெடித்துக் கூலன்ற் சாரதி அறைக்குள் ஒழுகும். கடுமையான அமிலங்கள் அலுமினியத்தை அரிப்பனவாதலின் அவற்றைத் தவிர்க்க.

மீள நிரப்புதல்

குழாய்களை அடையாளப்படி பழைய இடங்களில் மாட்டி, வெடித்த, ஊதிய, பஞ்சுபோல் மெலிந்த குழாய்களைப் புதுப்பித்துக் கிளிப்புகளை இறுக்கல் வேண்டும். கலந்து விற்கப்படும் கூலன்றில் நீர் சேர்த்தல் கூடாது. செறிவான கூலன்றாயின் பொதுவாகச் சரிபாதி வடித்த நீருடன் கலக்கலாம். கிணற்றுநீரை இதற்குப் பாவித்தல் ஆகாது.

வண்டியின் முன்பாகம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்தபடி, வெப்பமூட்டியை முழுச் சூட்டில் வைத்து மெல்ல மெல்ல ஊற்றுதல் வேண்டும். பின்னர் எஞ்சினைக் குறைந்த வேகத்தில் இயக்கினால் குமிழிகள் எழும். அவை அடங்கும்வரை ஊற்றி நிரப்பி, நீர் கொதிநிலையை அணுகுமுன் மூடியை இடுக. சில வண்டிகளிற் காற்றை வெளியேற்றும் தனித்திருகு உண்டு. அதனையும் கைந்நூலின்படி திறந்து மூடுக. வெப்பமூட்டியிற் காற்றுத் தேங்கினால் நீரோட்டம் தடைப்பட்டு எஞ்சின் மிகச் சூடேறலாம். மறுநாட் காலையில் நீர்மட்டத்தை மீண்டும் பார்த்தறிதல் வேண்டும்.

வெப்பமூட்டி ஒழுகுமாயின்

ஒழுகும் வெப்பமூட்டியை நீக்கிவிட்டு அதன் இரு குழாய்களையும் கட்டையால் அடைத்துவிடுவது பலரது வழக்கம். இது நன்றன்று. சில எஞ்சின்களில், தேமோஸ்டாற் மூடியிருக்கையில் நீர் சுற்றிவருதற்கு வெப்பமூட்டி வழியும் உதவுகின்றது. ஆதலின், எஞ்சின் பக்கத்துச் செல்வாயிலையும் மீள்வாயிலையும் தகுந்த றப்பர்க் குழாயொன்றினால் மடிப்பின்றி வளைத்து இணைத்தலே ஏற்றது. அதுவும் வெப்பமூட்டியைத் திருத்தும்வரைக்கான தற்காலிக ஏற்பாடேயாகும்.

வெப்பமூட்டி இல்லாத உழவு இயந்திரங்களில் றேடியேற்றரின் இரு பெருங் குழாய்களும் எஞ்சினின் வடிப்புத் திருகும் மட்டுமே கவனத்திற்குரியன. ஏனைய முறைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

வடித்த திரவத்தை எறியும் விதம்

கூலன்றிற் பெரும்பாலும் கலந்துள்ள எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு. அது இனிப்புச் சுவையுடையதாதலின் நாயும் பூனையும் கன்றும் அதனை நக்கிக் குடிக்கும், சிறுகுழந்தையும் குடித்துவிடக்கூடும். மிகச் சிறிய அளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கவல்லது. வடித்த திரவத்தைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ பயிர்நிலத்திலோ ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே சிந்துவது விரைந்து நிலத்தடி நீரைச் சென்றடையும். பழைய திரவத்தை இறுக மூடிய கொள்கலத்தில் அடைத்து, அடையாளமிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கழிவெண்ணெய் சேர்க்கும் கராச்சினரிடம் கேட்டு ஒப்படைத்தல் வேண்டும். குடித்தவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. எஞ்சின் குளிருமுன் மூடியைத் திறவாதீர்.
2. இரு முனைகளையும் காணாத குழாயைக் கழற்றாதீர்.
3. சிலிண்டர்த் தலையிலிருந்து செல்வது செல்குழாய். நீர்ப்பம்பிக்குத் திரும்புவது மீள்குழாய்.
4. வெப்பமூட்டியைத் திறந்து வைத்தே கழுவுக. திறந்து வைத்தே நிரப்புக.
5. தடுப்புத் தகட்டருகே உள்ள உலோகக் குழல்களை நெம்பாதீர்.
6. கடின நீரை விலக்கி, வடித்த நீரையும் உரிய கூலன்றையும் பாவிக்க.
7. வடித்த திரவத்தைக் கிணற்றுக்கும் கால்நடைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாது வைக்க.

குழாய்களை இனங்காண அரைமணி நேரம் செலவிடுவோர், ஏற்றத்தின் நடுவே ஆவி கக்கும் வண்டியருகே இரவு முழுவதும் காத்திருக்கும் நிலையைத் தவிர்க்கலாம். நீர் தடையின்றி ஓடும் வண்டியே விளைபொருளைக் குறித்த நேரத்திற் சந்தையிற் சேர்க்கும்.